கண்டக்டரும் ஒரு வாலிபால் நெட்டும்

அம்பத்தூர் எஸ்டேட் வழியாக ஓடும் பஸ்களில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உடல் உழைப்பு இதயத்தைக் காக்கும் என்று உலகுக்கு முதலில் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று எங்கள் தொழிலை வைத்தே நடந்தது. 1953-ல் அதை வெளியிட்டவர் லண்டன் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். அங்கே ஓடியவை மாடி பஸ்கள். டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். அதே பஸ், அதே சாலை. ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் டிரைவர்களைவிட வயது கடந்துதான் வந்தது.

சென்னையில் கதை வேறு. பின்வாசல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே டிக்கெட் கிழிப்போம். "ஒரு அம்பத்தூர் ஓ.டி. டிக்கெட் வாங்கிக் குடுங்கண்ணே" என்று காசு கைமாறி வரும், டிக்கெட்டும் அதே வழியில் போகும். டிரைவருக்கு வந்த சர்க்கரை எனக்கும் வந்தது.

நடக்கும்போதும் ஆடும்போதும் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அந்தப் பலன் ஒரு நாள்போல நிற்கும். அதனால்தான் சேர்ந்தாற்போல இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம்.

தனியாக நடந்தால் சலித்துவிடும். எங்கள் மைதானத்தில் நாங்கள் சேர்ந்து ஆடும் வாலிபாலில் அது நடக்காது. ஆள் குறைந்தால் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் ஆட்டத்தில் லேத் பட்டறைக்காரர் உண்டு, ஐ.டி. கம்பெனிப் பையன் உண்டு, பீகாரிலிருந்து மோல்டிங் வேலைக்கு வந்த தம்பியும் உண்டு. ஊருக்கு வந்த புதிதில் அவரோடு பேச ஆளில்லை. டெங்குவில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்தது நெட்டுக்கு இரு பக்கமும் ஆடியவர்கள்தான். எந்த மாத்திரைச் சீட்டிலும் எழுதித் தர முடியாத உறவு அது.

பெண்களுக்கு இந்த இடம் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. 2022 நிலவரப்படி இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம் என்று 2024-ல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த ஆய்வு சொல்கிறது. எஸ்டேட் கார்மெண்ட்ஸ் பெண்களை நான் அறிவேன். ஷிஃப்ட் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்திருந்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். வீட்டில் சமையல் காத்திருக்கும். அவர்களிடம் போய் வாக்கிங் போங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. நேரமும் இடமும் தர வேண்டியது நாம்.

இப்போது செவ்வாய், வெள்ளி மாலைகளில் நெட்டை அவர்களுக்கு விட்டுவிட்டோம். த்ரோபால் ஆடுகிறார்கள். மைதானத்தின் கிழக்கு மூலைக்கு இன்னும் ஒரு விளக்கு வேண்டும். கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.