தொலைபேசியில் குண்டு மிரட்டல் வந்தால்...

"குண்டு" என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எங்களில் பலருக்குக் கைகால் நடுங்குகிறது. 2008 ஜனவரி 16ஆம் திகதி புத்தலவுக்கு அருகில், ஒக்கம்பிட்டியப் பக்கம் பஸ் தாக்கப்பட்டதை மொனராகலை மாவட்டத்தில் மறந்தவர்கள் இல்லை. அதனால்தான் தொலைபேசியில் யாராவது மிரட்டினால் உடனே ரிசீவரை வைத்துவிடத் தோன்றுகிறது. வைக்கக் கூடாது, சகோதரிகளே.

இப்படியான அழைப்புகளில் பெரும்பாலானவை பொய். ஆனால் 1984 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வந்த எச்சரிக்கை பொய்யல்ல. குண்டு இருந்த பெட்டிகள் உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இலங்கையர்.

நான் ஒரு கந்தோரில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்பவள். எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான். பேசுபவரைப் பேச விடுங்கள். எங்கே வைத்திருக்கிறது, எப்போது வெடிக்கும், பார்க்க எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். நேரம், இலக்கம், ஆணா பெண்ணா, பின்னால் பஸ் சத்தமா, கோயில் மணியா என்பதும் வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் துண்டு எழுதிக் காட்டினால் அவர் வேறு தொலைபேசியில் 119க்கு அறிவிப்பார். கத்தி எல்லோரையும் கலங்கடிக்க வேண்டாம். வெளியேறும்போது அவரவர் கைப்பையை எடுத்துச் சென்றால், மிஞ்சிக் கிடக்கும் பை எது என்று தெரியும். அதைத் தொடாதீர்கள், அதற்குக் கிட்ட நின்று கைத்தொலைபேசியில் பேசவும் வேண்டாம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. பொலிஸார் முதலில் கேள்வி கேட்பது தொலைபேசியை எடுத்தவளிடம்தான். எங்களுடன் வேலை செய்த தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி, "நான் தமிழ், என்னையே சந்தேகப்படுவாங்க அக்கா" என்று அழைப்பையே மறைக்கப் பார்த்தாள். அந்தப் பயத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மறைத்தால்தான் சந்தேகம் வரும். நேரமிட்டு எழுதிய தாள் உங்களுக்கும் பாதுகாப்பு. அதில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதை வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

அந்தக் கேள்விகளைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பை எடுப்பது தேநீர் போடும் அம்மாதான். அவருக்கு வாசிக்க வராது. அதனால் கேள்விகளை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தோம்.