கறுப்பு நாயின் மஞ்சள் குட்டி

1899-ல் இங்கிலாந்தில் ஒரு கறுப்பு லேப்ரடார் ஜோடிக்கு மஞ்சள் குட்டி பிறந்தது. ‘பென் ஆஃப் ஹைட்’ என்ற அந்த நாய்தான் பதிவேட்டில் ஏறிய முதல் மஞ்சள் லேப்ரடார். தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. பிறகு மஞ்சள் ஏது? வெளியே தெரியாமல் இரண்டுமே அதைச் சுமந்துகொண்டிருந்தன.

லேப்ரடாரின் நிறம் முக்கியமாக இரண்டு மரபணுக்களின் வேலை. ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒரு பிரதி, தந்தைவழி ஒரு பிரதி. முதல் மரபணுவில் கறுப்பு ஓங்கு பண்பு, சாக்லேட் ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் சாக்லேட்டாக இருந்தால்தான் நாய் சாக்லேட். இரண்டாவது மரபணு, அந்த நிறத்தை ரோமத்தில் ஏறவிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. அதில் ஒடுங்கு பிரதிகள் இரண்டும் சேர்ந்துவிட்டால் ரோமம் மஞ்சள். ஆனால் மூக்கில் நிறம் தங்கிவிடும்!

அதனால் மஞ்சள் நாய் என்றால் முதலில் மூக்கைப் பாருங்கள். கறுப்பு மூக்கென்றால் கறுப்புப் பிரதி ஒன்றாவது உண்டு. ஈரல் நிறமென்றால் இரண்டுமே சாக்லேட். குளிர்காலத்தில் சில நாய்களுக்கு மூக்கு வெளுக்கும் என்பதால் இமை விளிம்பையும் உதட்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கறுப்பு நாயிடம் இந்த வழி பலிக்காது. அதன் தாய் சாக்லேட் என்று தெரிந்தால் கவலையில்லை, ஒரு சாக்லேட் பிரதி நிச்சயம். தெரியாவிட்டால் குட்டிகளைத்தான் கேட்க வேண்டும். ஈரல் மூக்குள்ள மஞ்சள் பெட்டையிடம் கொடுக்க ஒடுங்கு பிரதிகளைத் தவிர வேறில்லை. அதனோடு சேர்த்தால், தகப்பன் கொடுத்தது எதுவோ அது குட்டியின் மேல் அப்படியே தெரியும். இதுதான் சோதனைக் கலப்பு. ஈரல் மூக்கோடு ஒரே ஒரு மஞ்சள் குட்டி பிறந்தால் போதும், தகப்பன் ஒளித்திருந்த இரண்டும் அம்பலம்.

ஏழு குட்டியும் கறுப்பாகவே பிறந்தால்? தகப்பனிடம் சாக்லேட் இருந்தும் ஏழிலும் அது தவறிப்போக 128-ல் ஒரு வாய்ப்பு உண்டு. ‘இருக்கிறது’ என்பதற்கு ஒரு குட்டி போதும். ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல ஏழும் போதாது.

நிறத்தில் இது வெறும் ஆவல். கண்ணில் அப்படியல்ல. லேப்ரடார்களுக்கு வரும் ஒருவகை விழித்திரைச் சிதைவும் ஒடுங்கு பண்புதான். ஒரு பிரதி மட்டும் உள்ள நாய்க்கு அதனால் பார்வை கெடாது. இரண்டும் உள்ள குட்டியும் நன்றாகத்தான் ஓடியாடும். வளர்ந்த பிறகு இரவுப் பார்வை முதலில் போகும். அதற்குள் அதுவே குட்டி போட்டிருக்கலாம். இங்கே குட்டிகளைச் சாட்சிக்கு அழைப்பது கொடுமை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் வழித்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினால் விடை கிடைத்துவிடும். சுமக்கும் நாயைச் சுமக்காத நாயோடு மட்டும் சேர்த்தால், பிறக்கும் ஒரு குட்டிக்கும் இந்த நோயால் கண் போகாது.