காசக் கிருமியை உடம்பு எப்படிச் சிறை வைக்கிறது?

கலசப்பாக்கத்தில் பட்டுத்தறி ஓடும் வீடு ஒன்றில் எட்டிப் பார்த்தால், தறிக்குழியில் பனியனோடு உட்கார்ந்து நெய்பவரின் இடது மேற்கையில் ஒரு வட்டத் தழும்பு கண்ணில் படலாம். பிறந்த குழந்தைக்குப் போடும் பிசிஜி ஊசியின் அடையாளம் அது. தோலுக்குள் செலுத்தும் மருந்தின் அளவு வெறும் 0.05 மில்லிதான். இரண்டு, மூன்று வாரத்தில் அந்த இடத்தில் சிறு கட்டி எழும். ஆறாவது வாரம் வாக்கில் உடைந்து புண்ணாகும். பிறகு தானாகவே ஆறிவிடும். "ஊசி போட்ட இடம் சீழ் பிடிச்சிருச்சே" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறி மஞ்சள் பற்றுப் போடுவதும் உண்டு. பற்றும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே கூடி வேலை பார்க்கின்றன, அவ்வளவுதான்.

எதை எதிர்த்து அந்த வேலை? 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்த காசநோய்க் கிருமியை எதிர்த்து. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகள் வழியாக அது அடுத்தவரின் நுரையீரல் காற்றறைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே காவலுக்கு இருப்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள். தூசியானாலும் கிருமியானாலும் அப்படியே விழுங்கி, உள்ளே இருக்கும் செரிமானப் பையோடு சேர்த்துக் கரைத்துவிடுவது அவற்றின் வழக்கம். காசக் கிருமியிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. மெழுகு போன்ற தடித்த உறை அதற்கு உண்டு. விழுங்கிய அணுவின் செரிமானப் பை தன்னோடு இணையாதபடி தடுக்கவும் அதற்குத் தெரியும். கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடியிருந்து மெல்லப் பெருகத் தொடங்குகிறது.

அடுத்த கட்டத்தில் தகவல் மேலே போகிறது. வேறு வகை அணுக்கள் கிருமியின் துணுக்குகளை நிணநீர்க் கணுக்களுக்குச் சுமந்து செல்கின்றன. கழுத்திலும் அக்குளிலும் 'நெறி கட்டியிருக்கு' என்று நாம் தடவிப் பார்ப்பது இந்தக் கணுக்களைத்தான். அங்கே லட்சக்கணக்கான டி-செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு துணுக்கை மட்டுமே அடையாளம் காணும். பொருந்துகிற டி-செல் கிடைத்ததும் அது பல்கிப் பெருகுகிறது. முதல் முறை இதற்கு நாளாகும்; காசக் கிருமி விஷயத்தில் சில வாரங்களே ஆகிவிடும். ஆனால் வேலை முடிந்த பிறகும் ஒரு சிறு கூட்டம் நினைவணுக்களாகத் தங்கிவிடுகிறது. நெசவாளர்கள் புதுப் புட்டாவுக்கு ஜக்கார்டு அட்டை குத்த முதல் தடவை மெனக்கெடுவார்கள். குத்திய அட்டை கைவசம் இருந்தால் அடுத்த சேலைக்கு உடனே தறியேற்றலாம். நோய் வருவதற்கு முன்பே அட்டையைக் குத்தி வைக்கும் வேலையைத்தான் தடுப்பூசி செய்கிறது.

பெருகிய டி-செல்கள் நுரையீரலுக்குத் திரும்பி, இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிச் செய்தியைச் சுரக்கின்றன. அது கிடைத்ததும், முடங்கிக் கிடந்த விழுங்கணுக்களுக்கு வேகம் வருகிறது. அப்போதும் எல்லாக் கிருமியும் சாவதில்லை. மிஞ்சியவற்றைச் சுற்றி விழுங்கணுக்களும் டி-செல்களும் அடுக்கடுக்காகச் சூழ்ந்து ஒரு முடிச்சாக இறுகுகின்றன. மருத்துவர்கள் இதை கிரானுலோமா என்பார்கள். கிருமி உயிரோடுதான் இருக்கும். வெளியே வர முடியாது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடம்புக்குள் இந்தக் கிருமி நுழைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். மற்றவர்கள் இருமலும் இல்லாமல், யாருக்கும் பரப்பாமல், கிருமி இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

பிசிஜி பிறந்த கதை பொறுமையின் கதை. பிரான்ஸின் லீல் நகரில் கால்மெட், கெரின் என்ற இருவர் மாட்டுக் காசக் கிருமியை உருளைக்கிழங்கும் பித்தநீரும் கலந்த ஊடகத்தில் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைப் போக்கினார்கள். 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவுக்கான பிசிஜி ஆய்வகம் 1948-ல் சென்னை கிண்டியில் தொடங்கியது. ஊர் ஊராக ஊசி போடும் இயக்கம் நடந்தபோது எதிர்ப்பும் கிளம்பியது. ராஜாஜியே இந்த ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று 1955-ல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

இங்கிலாந்தில் 1950-களின் தொடக்கத்தில் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில் பிசிஜி ஏறக்குறைய 80 சதவீதம் பாதுகாப்பு தந்தது. நம் மண்ணிலும் அப்படித்தானா? அதைத் தெரிந்துகொள்ள, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1968-ல் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் கைகோத்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள், சுமார் 3,60,000 மக்கள். ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர்கள் வரை சேர்க்கப்பட்டார்கள். கிருமி ஏற்கெனவே உடம்பில் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க, முன்கையில் டியூபர்குலின் ஊசி போட்டு, எழும்பிய தடிப்பை மில்லிமீட்டரில் அளந்தார்கள். ஒரு பகுதியினருக்கு பிசிஜி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஏழரை ஆண்டுக் கணக்கு வெளியானபோது உலகமே திகைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. 1999-ல் வெளியான 15 ஆண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. சிறுவர்களிடம் மட்டும் சிறிதளவு பாதுகாப்பு தென்பட்டது.

ஏன்? விஞ்ஞானிகள் அதிகம் பேசும் விளக்கம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. வெப்ப நாடுகளின் வயலிலும் குளத்திலும் காசக் கிருமியின் தீங்கற்ற உறவுக் கிருமிகள் ஏராளம். வெறுங்காலோடு வயலில் இறங்கி வளர்ந்தவரின் டி-செல்கள் அவற்றை எப்போதோ பார்த்துப் பழகியவை. புதிதாக நுழையும் பிசிஜி கிருமியையும் அவை சட்டென்று அடக்கிவிடுகின்றன. அல்லது ஏற்கெனவே இருக்கும் பழக்கத்துக்கு மேல் பிசிஜியால் புதிதாக எதையும் சேர்க்க முடிவதில்லை. குளிர்நாட்டு மாணவர்களுக்கு அந்த முன்பழக்கம் குறைவு.

அப்படியானால் கைக்குழந்தைக்கு இன்னும் ஏன் போடுகிறார்கள்? பிஞ்சு உடம்பால் கிருமியைச் சிறை வைக்க முடியாது. அது ரத்தத்தில் கலந்து மூளையுறையைத் தாக்கினால் பிழைப்பதே கஷ்டம். இந்தக் கொடிய வகைகளிலிருந்து பிசிஜி குழந்தைகளை நன்றாகவே காக்கிறது. மண் முந்திக்கொள்வதற்குள் ஊசி முந்திவிடுகிறது.

பெரியவர்களிடம் சிறை எப்போது உடைகிறது? எச்ஐவி, முடிச்சைக் கட்டிக்காக்கும் டி-செல்களையே அழிக்கிறது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 1986-ல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்த பின், காசநோய் வார்டுகளிலும் அதன் பாதிப்பு தெரிந்தது. சர்க்கரை நோய் ஆபத்தை இரண்டு, மூன்று மடங்காக்குகிறது. இவற்றையெல்லாம் விடப் பரவலானது அரைவயிற்றுச் சாப்பாடு. அணுக்கள் பெருகுவதற்குப் புரதம் வேண்டும்.

இதற்கு ஜார்க்கண்டில் தெளிவான சான்று கிடைத்தது. 2019 முதல் 2022 வரை அங்கே நடந்த ஆய்வில், சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்குண்டு. நோயாளிகளின் வீட்டில் வசிக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் கொடுத்தார்கள். மறுபிரிவைவிட அவர்களுக்குக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதே இடத்தைத்தான் குறிவைக்கிறது. புதிதாக நோய் கண்டவர் வந்ததும் எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதைச் செவிலியர் பார்க்கிறார். எலும்பும் தோலுமாக இருப்பவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்த்து, சத்துணவும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் சாப்பாட்டுக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.