சட்டமன்ற வாசலில் புனே ஆராய்ச்சி மாணவர்கள்

புனே: மகாராஷ்டிர சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் நாகபுரியில் நடைபெறுவது வழக்கம். வரவு-செலவுத் திட்டக் கூட்டமும் மழைக்காலக் கூட்டமும் மும்பையில் கூடும். சட்டமன்றம் எங்கே, எப்போது கூடுகிறது என்பதை அரசியல்வாதிகளுக்கு இணையாகக் கணக்கு வைத்திருக்கும் இன்னொரு கூட்டம் இம்மாநிலத்தில் உண்டு. புனேயையும் பிற கல்வி நகரங்களையும் சேர்ந்த முனைவர் பட்ட ஆராய்ச்சி மாணவர்களே அவர்கள். உறுப்பினர்களிடம் மனு அளிப்பது, அவையில் தங்கள் கோரிக்கையை எழுப்பச் செய்வது, பயன் இல்லையெனில் மும்பை ஆசாத் மைதானத்தில் அமர்வது என்பது அவர்களது ஆராய்ச்சிப் பணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

அவர்கள் கேட்பது ஆராய்ச்சி உதவித்தொகை. இத்தொகையைத் தலித் மாணவர்களுக்கு வழங்குவது, புனேயில் இயங்கும் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் (சுருக்கமாக ‘பார்ட்டி’). மராத்தா, குன்பி வகுப்பினருக்கு, 2018ஆம் ஆண்டில் புனேயில் தொடங்கப்பட்டு சத்ரபதி சாகு மகராஜின் பெயரைத் தாங்கி நிற்கும் ‘சாரதி’. பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட, மகாத்மா ஜோதிபா புலே பெயரிலான ‘மகாஜோதி’. மூன்றும் மாநில அரசின் நிதியில் இயங்குபவை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு 42,000 ரூபாய். மாநில நிறுவனங்கள் தரும் தொகைக்கும் இதுவே அளவுகோல். கிராமத்தில் இருந்து வந்து புனேயில் வாடகைக்கு அறை எடுத்து, களப்பணிக்குச் செலவழித்து, நான்கைந்து ஆண்டுகள் ஆய்வில் ஈடுபடும் ஒருவருக்கு இத்தொகை இல்லையெனில் ஆய்வே இல்லை.

போராடினால் கிடைக்கும்

எத்தனை பேருக்கு வழங்குவது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. பார்ட்டியின் 2021ஆம் ஆண்டு உதவித்தொகைக்கு உரியவர்களாக 861 மாணவர்கள் இருந்தனர். ஆண்டுக்கு 200 பேர் என்பது அரசின் வரம்பு. அனைவருக்கும் வழங்கக் கோரி 2023இல் மாணவர்கள் ஆசாத் மைதானத்தில் வாரக்கணக்கில் போராடினர். இறுதியில் அரசு இறங்கி வந்தது.

ஆனால், அந்த ஆண்டினருக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டினருக்கு உரிமையாகவில்லை. 2022ஆம் ஆண்டில் பதிவு செய்தவர்கள் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. வரம்புக்குள் தேர்ந்தெடுப்பதற்காக மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து நுழைவுத் தேர்வு நடத்த அரசு முடிவெடுத்தது. 2023 டிசம்பர் 24 அன்று தேர்வு நடந்தது. 2019ஆம் ஆண்டின் மாநிலத் தகுதித் தேர்வு வினாத்தாளே மறுபடியும் தரப்பட்டதாக மாணவர்கள் குற்றம் சாட்டினர். 2024 ஜனவரி 10 அன்று மறுதேர்வு வைக்கப்பட்டது. வினாத்தாள்கள் முறையாக முத்திரையிடப்படவில்லை எனக் கூறிப் புனே, நாகபுரி உள்ளிட்ட மையங்களில் மாணவர்கள் அதனைப் புறக்கணித்தனர். பின்னர் உதவித்தொகையைப் பாதியளவில் தருவதா, முழுமையாகத் தருவதா என்பது புதிய போராட்டப் பொருளாயிற்று.

மேலவையில் எழுந்த கேள்வி

இரு தேர்வுகளுக்கும் முன்னதாக, 2023 டிசம்பர் 12 அன்று, நாகபுரியில் கூடிய சட்ட மேலவையில் இப்பிரச்சனை வெடித்தது. சாரதி உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கையை 200 ஆகக் குறைத்தது குறித்துக் காங்கிரஸ் உறுப்பினர் சதேஜ் பாட்டீல் கேள்வி எழுப்பினார். அப்போது துணை முதல்வராகவும் நிதியமைச்சராகவும் இருந்த அஜித் பவார், முனைவர் பட்டம் பெற்று இவர்கள் என்ன விளக்கேற்றிவிடப் போகிறார்கள் என்ற பொருள்படப் பதிலளித்தார். மாநிலமெங்கும் மாணவர்களிடையே கண்டனம் எழுந்தது. பின்னர் அவர் தமது பேச்சுக்கு விளக்கம் அளிக்க நேரிட்டது.

நிதியமைச்சரின் பக்கத்திலும் வாதம் இல்லாமல் இல்லை. கருவூலத்தின் பணம் எல்லையற்றதன்று. பள்ளிக் கல்வி, பாசனம், கடன் வட்டி என்று கேட்போர் பலர். ஆய்வுத் தலைப்புகளின் தரத்தைச் சோதிப்பதும் அரசின் கடமையே. ஆனால், தரத்தைச் சோதிப்பது வேறு. ஆய்வைத் தொடங்கிவிட்டவர்களிடம் எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று கூறுவது வேறு. முன்னதற்கு ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் உள்ளன. பின்னதற்கு அறிவிக்கப்பட்ட நிலையான விதி வேண்டும்.

தமிழகத்தில் சட்ட மேலவை 1986ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டதால், இங்குள்ள வாசகர்களுக்கு ஒரு செய்தி புதிதாக இருக்கலாம். மகாராஷ்டிர மேலவையின் 78 இடங்களில் ஏழு பட்டதாரிகளுக்கும், ஏழு ஆசிரியர்களுக்கும் உரியவை. பட்டம் பெற்று மூன்றாண்டு நிறைந்தவர்கள் பட்டதாரித் தொகுதியில் வாக்களிக்கலாம். எனவே, மனுவோடு வரும் ஆராய்ச்சி மாணவர் ஒரு வாக்காளராகவும் இருக்கக்கூடும். அவர்களது குரல் கீழவையைக் காட்டிலும் மேலவையில் விரைவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புலே கேட்டது

இக்கோரிக்கை புனேக்குப் புதிதன்று. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848ஆம் ஆண்டில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியது இந்நகரின் பிடே வாடாவில். பாழடைந்து கிடந்த அக்கட்டடம் தேசிய நினைவகம் அமைப்பதற்காக 2023 டிசம்பரில், மேலவையில் அந்தப் பேச்சு எழுவதற்குச் சில நாட்கள் முன்னர், இடிக்கப்பட்டது.

1882ஆம் ஆண்டில் ஹண்டர் கல்விக் குழுவிடம் புலே புனேயிலிருந்து ஒரு சாட்சியத்தை அளித்தார். உழவர்களின் உழைப்பில் இருந்து திரட்டப்படும் வரி, உயர் வகுப்பினரின் கல்விக்கே செலவாகிறது என்பது அவரது முதன்மைக் குற்றச்சாட்டு. ஆரம்பக் கல்விக்கு முன்னுரிமை கேட்ட அவர், அத்துடன் நிற்கவில்லை. கல்வி எட்டாத வகுப்பினருக்கு அரசு உதவித்தொகைகளில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்றும், போட்டித் தேர்வின் அடிப்படையில் மட்டும் வழங்குவது பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும் கல்வியைப் பரப்ப உதவாது என்றும் வாதிட்டார். 140 ஆண்டுகளுக்குப் பின்னர், அதே உழவர், தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள், புலேயின் பெயரிலும் அமைந்த நிறுவனங்களின் உதவித்தொகைக்காக அதே வாதத்தை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

முனைவர் பட்டத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கும் வரலாற்றில் விடை உண்டு. 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் உதவித்தொகையில்தான் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி. மாகாணங்களின் பணம் எவ்வாறு திரட்டப்பட்டது, எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே அந்த ஆய்வு.

தில்லியும் கைவிரித்தது

மத்திய அரசின் கதவும் இம்மாணவர்களுக்கு அகலத் திறந்திருக்கவில்லை. தேசியத் தகுதித் தேர்வு எழுதாத ஆய்வாளர்களுக்கான உதவித்தொகையை நிறுத்தும் முடிவை எதிர்த்து 2015 அக்டோபரில் தில்லியில் மானியக் குழு அலுவலகத்தின் முன்பு மாணவர்கள் முற்றுகையிட்டனர். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அவசரநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போனது. அதிகாரத்தில் பங்கு கேட்ட மத்திய அரசு, செலவில் பின்வாங்கும்போது சுமை மாநிலத்தின் மீது விழுகிறது. மாநிலம் வரம்பு விதிக்கும்போது அது மாணவரின் மீது விழுகிறது.

எஞ்சி நிற்கும் கேள்வி எளியது. எத்தனை பேருக்கு, எந்தத் தகுதியில், எந்த நாள் முதல், எத்தனை ஆண்டுகளுக்கு என்பது பதிவு செய்வதற்கு முன்பே மாணவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்கான தொகை அவ்வாண்டின் வரவு-செலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டாமா? ஒவ்வோர் ஆண்டும் போராட்டத்தின் வலுவைப் பார்த்து முடிவெடுக்கப்படுமானால், மைதானத்திற்கு வரும் பேருந்துக் கட்டணத்தைக்கூடத் திரட்ட இயலாத மாணவரே முதலில் விடுபட்டுப் போவார். உதவித்தொகை யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ, அவருக்கே அது எட்டாமல் போகும்.