மெடியா செய்ததெல்லாம் யார் கணக்கில்?

1963இல் டான் சாஃபி இயக்கிய ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தை மறுபடி பார்த்தேன். ரே ஹாரிஹௌசனின் ஏழு எலும்புக்கூடுகள் இன்றைக்கும் மிரட்டுகின்றன. பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஃபிரேம் ஃபிரேமாகப் பிடித்த சண்டை. சில நிமிடக் காட்சிக்கு நாலரை மாத உழைப்பு. அதில் எனக்குப் புகார் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்.

இந்தப் பயணத்தை விரிவாகச் சொல்லும் பழைய பிரதி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பல்லோனியஸ் எழுதிய ‘ஆர்கோநாட்டிகா’. அதில் வெண்கல அரக்கன் தாலோஸை வீழ்த்துவது யாரு? மெடியா. தங்க ஆட்டுத்தோலைக் காக்கும் பாம்பைத் தூங்கவைப்பது? அவளேதான். நெருப்புக் கக்கும் காளைகளிடம் ஜேசன் வெந்துபோகாமல் தப்பியதும் அவள் கொடுத்த மருந்தால்.

படத்தில் தாலோஸின் குதிகால் அடைப்பைத் திறப்பவன் ஜேசன். பாம்புக்குப் பதிலாக வரும் ஹைட்ராவைக் குத்திக் கொல்பவனும் அவனே. காளைகளே கிடையாது. அவனைச் சிறையிலிருந்து தப்பவைப்பது மட்டும் மெடியாவுக்கு மிச்சம். மற்றபடி கோயிலில் ஆடுகிறாள். அம்பு பட்டுக் கிடக்கிறாள். ஜேசன் தங்கத்தோலால் பிழைக்கவைக்கிறான். காப்பாற்றியவள் காப்பாற்றப்படுபவளாகிவிட்டாள்.

இதைச் சும்மா திரைக்கதைச் சுருக்கம் என்று விட்டுவிட முடியாது. அவள் ஊர் கொல்கிஸ், இன்றைய ஜார்ஜியாவின் கருங்கடல் பக்கம். கிரேக்கருக்கு அவள் அந்நியள். அந்த அந்நியப் பெண்ணின் மூலிகை அறிவு இல்லாவிட்டால் நாயகன் ஒன்றுமில்லை என்பதைக் காவியம் மறைக்கவில்லை. படம் மறைக்கிறது.

கடைசியில் ஒரு முத்தம், அவ்வளவுதான். அவளை ஜேசன் கைவிட்ட கதையை கி.மு. 431இலேயே யூரிபிடிஸ் மேடையேற்றிவிட்டார். பட்ட கடனையே அழித்துவிட்டால் துரோகம் எங்கிருந்து தெரியும்?