சிறைப்பட்ட தேசத்தில் ஒரு சாட்சி



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்லும்போது, தக்கலையைத் தாண்டியதும் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. ஊர்போய்ச் சேரும் அவசரத்தில் நம்மில் அநேகர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அக்கோட்டைக்குள், கூரையிழந்த ஒரு சிற்றாலயத்தில், டிலனாய் என்னும் போர்வீரர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனோடு நமது தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

யார் இவர்? 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. அப்போது சிறைப்பட்டவர்களுள் இவரும் ஒருவர். எகிப்தில் யோசேப்பு செய்ததுபோல, தம்மைச் சிறைப்படுத்திய தேசத்திற்கே இவர் உண்மையாய் உழைத்தார். திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், 'வலிய கப்பித்தான்' என்று பெயர்பெற்றார். ஏறக்குறைய 37 ஆண்டுகள் உண்மையோடு சேவித்தார் என்று கல்லறை சாட்சியிடுகிறது. 1777 ஜூன் 1 அன்று மரித்தார்.

இவர் ரோமன் கத்தோலிக்கர். நாம் கல்லறைகளை வணங்குகிறவர்களும் அல்ல. ஆனாலும் இவரிடத்தில் நாம் கற்கவேண்டிய ஒன்று உண்டு.

நீலகண்ட பிள்ளை என்னும் அரண்மனை அதிகாரி அடுத்தடுத்து நஷ்டப்பட்டு மனமுடைந்திருந்தார். அவரிடம் டிலனாய் யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். தர்க்கம் பண்ணவில்லை, துயரப்பட்டவனுக்கு ஆறுதலே சொன்னார். அந்த அதிகாரி 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் என்று பெயர்பெற்றார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சொன்னவர் உயர்பதவியிலேயே இருந்தார். கேட்டவரோ ஜீவனையே கொடுத்தார். நாம் சொல்லும் ஒரு வார்த்தை எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியாது.

டிலனாய் பழக்கிய படை இன்றில்லை. அந்த ராஜ்யமும் இல்லை. துயரத்தில் இருந்த ஒருவனிடம் பேசிய வார்த்தையோ நிலைநின்றது.

அன்பான சகோதரனே, சகோதரியே, பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்தோம். சரீரம் இங்கே, இருதயமோ ஊரிலே என்று நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறோமா? சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி எரேமியா 29:7 நமக்குக் கற்பிக்கிறது. பத்து ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலைசெய்தும், பக்கத்து மேசையிலிருப்பவரின் கண்ணீரை நாம் அறியாதிருந்தால், நமது ஞாயிறு ஆராதனை யாருக்குச் சாட்சி? அவர் மலையாளியானாலும் தமிழரானாலும், நாளைக்கு அவரருகே சற்று உட்காருங்கள். முதலாவது அவர் துக்கத்தைக் கேளுங்கள். பின்பு உங்கள் தேவனைச் சொல்லுங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் வாயைத் திறந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.