காலநிலை மாற்றம்: 'எனக்குக் கவலை இருக்கு... மத்தவங்களுக்கு?' - பொறுப்பு யாருடையது? முழு விளக்கம்

'இந்த வருஷம் வெயில் ரொம்ப ஓவர்!' - ஏப்ரல் பிறந்துவிட்டால் டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் எல்லா இடத்திலும் காதில் விழும் வசனம் இது. டிசம்பரில் அதுவே 'இப்படி ஒரு மழையை நாங்க பார்த்ததே இல்லை' என்று மாறும்.

பருவநிலை மாறிக்கொண்டிருக்கிறது என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனா, 'சரி, இதை யார் சரி பண்றது?' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். 'பணக்கார நாடுகள் கெடுத்து வச்சது', 'பெரிய கம்பெனிகள்தான் காரணம்', 'அரசாங்கம் பார்த்துக்கணும்', 'நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப்போகுது?'

இதில் எந்தப் பதிலும் முழுப் பொய் இல்லை. எதுவும் முழு உண்மையும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தியர்கள் என்ன நினைக்கிறார்கள்?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டர் நிறுவனமும் சேர்ந்து 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் இந்தியாவில் 4,619 பேரிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. அதில் தெரிய வந்தது இதுதான்:

- பாதிக்கும் மேற்பட்டவர்கள், 'புவி வெப்பமயமாதல்' பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

- அது என்னவென்று சுருக்கமாக விளக்கிச் சொன்ன பிறகு, 84 சதவிகிதம் பேர் 'ஆமா, அது நடந்துகிட்டுதான் இருக்கு' என்றார்கள்.

- 81 சதவிகிதம் பேர் அது பற்றிக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள்.

- 74 சதவிகிதம் பேர் அதன் பாதிப்பைத் தாங்களே அனுபவித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

- ஆனால் மனிதச் செயல்பாடுதான் முக்கியக் காரணம் என்று சொன்னவர்கள் 57 சதவிகிதம் மட்டுமே.

அதாவது, மக்களுக்குப் பெயர் தெரியவில்லை. அனுபவம் இருக்கிறது. 'கிளைமேட் சேஞ்ச்' என்ற வார்த்தையைக் கேட்டிராத விவசாயிக்கும், பட்டம் தப்பிப் பெய்யும் மழை என்ன செய்யும் என்று நன்றாகவே தெரியும். அதே நேரம், காரணம் நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதுதான் என்பது பலரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. 'இயற்கையின் சீற்றம்' என்று நினைத்துவிட்டால், யாரைப் பொறுப்பாக்குவது என்ற கேள்வியே எழாது.

'நான் ரெடி, மத்தவங்க வர மாட்டாங்க'

இங்கேதான் சுவாரஸ்யமான ஒரு விஷயம் இருக்கிறது. 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வு 2024-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வெளியானது. அதில் ஒரு நேரடியான கேள்வி: 'புவி வெப்பமயமாதலைத் தடுக்க, உங்கள் குடும்ப மாத வருமானத்தில் 1 சதவிகிதத்தைத் தருவீர்களா?'

69 சதவிகிதம் பேர் 'தருவேன்' என்றார்கள்.

அடுத்த கேள்வி: 'உங்கள் நாட்டில் 100 பேரைக் கேட்டால் எத்தனை பேர் தருவார்கள்?' இதற்கு வந்த பதில்களின் சராசரி 43 மட்டுமே.

69-க்கும் 43-க்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளிதான் பிரச்னையின் மையம். பெரும்பான்மையாக இருப்பவர்கள், தங்களைச் சிறுபான்மை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு பழைய கதை உண்டு. ஊரில் உள்ள எல்லோரும் ராத்திரியில் ஆளுக்கு ஒரு குடம் பால் கொண்டுவந்து குளத்தில் ஊற்ற வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டார். 'எல்லாரும் பால் ஊத்தப்போறாங்க, நாம ஒரு குடம் தண்ணி ஊத்தினா யாருக்குத் தெரியும்?' என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர்.

காலநிலை விஷயத்தில் நடப்பது இதன் தலைகீழ். ஆளுக்கு ஒரு குடம் பால் கையில் இருக்கிறது. ஆனா, 'எல்லாரும் தண்ணிதான் ஊத்தப்போறாங்க, நாம மட்டும் எதுக்குப் பாலை வீணாக்கணும்?' என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

முதல் கதைக்குத் தீர்வு, காவல் போடுவது. இரண்டாவதுக்குத் தீர்வு, பக்கத்து வீட்டுக்காரரும் பால் குடத்தோடுதான் நிற்கிறார் என்று தெரியப்படுத்துவது.

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. கருத்துக்கணிப்பில் 'தருவேன்' என்று சொல்வதும், பர்ஸைத் திறந்து எடுத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் மனநிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. அதே ஆய்வில் 89 சதவிகிதம் பேர், தங்கள் அரசு இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்றார்கள்.

பணக்கார நாடுகள்தான் காரணமா?

காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பகுதி, நூற்றாண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். அதனால் இன்று யார் எவ்வளவு விடுகிறார்கள் என்பதோடு, இதுவரை யார் எவ்வளவு விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு 3 முதல் 4 சதவிகிதம்தான். தனிநபர் கணக்கைப் பார்த்தாலும், ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன்.

இதனால்தான் 1992-ல் உருவான ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்திலேயே, 'பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு வேறு' என்ற கொள்கை எழுதப்பட்டது. எளிமையா சொன்னா, ஹோட்டலில் எல்லோரும் ஒரே டேபிளில் உட்கார்ந்திருந்தாலும், பிரியாணி சாப்பிட்டவரும் டீ மட்டும் குடித்தவரும் பில்லைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்கின் இன்னொரு பக்கமும் உண்டு. ஓர் ஆண்டின் மொத்த உமிழ்வை எடுத்துக்கொண்டால், சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் நாடு இந்தியா. இனிமேல் நாம் கட்டப்போகும் மின் நிலையங்களும், வாங்கப்போகும் ஏசிகளும் இந்த எண்ணை இன்னும் மாற்றும். 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற இலக்கை 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்ததற்குப் பின்னணி இதுதான்.

கம்பெனிகளா, நாமா?

'கார்பன் ஃபுட்பிரிண்ட்', அதாவது கார்பன் தடம், என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் தன் வாழ்க்கைமுறையால் எவ்வளவு உமிழ்வை உண்டாக்குகிறார் என்ற கணக்கு அது. 2000-களின் மத்தியில் இந்தச் சொல்லைப் பெரிய விளம்பரங்கள் மூலம் உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய நிறுவனம் எது தெரியுமா? பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம். எண்ணெய் எடுத்து விற்கிற நிறுவனமே, 'உங்கள் தடம் எவ்வளவு?' என்று வாடிக்கையாளரைக் கேட்டது. பொறுப்பை மக்கள் தலையில் கட்டும் தந்திரம் என்று இதை விமர்சிப்பவர்கள் பலர்.

மறுபக்கம், 1988-க்குப் பிறகான தொழில்துறை உமிழ்வில் 71 சதவிகிதத்துக்கு 100 நிறுவனங்கள்தான் காரணம் என்ற ஒரு தகவல் சமூக வலைதளங்களில் அடிக்கடி சுற்றும். 2017-ல் வெளியான ஓர் அறிக்கையின் தகவல் அது. ஆனால் பலரும் கவனிக்காத விஷயம், அந்த நிறுவனங்கள் விற்ற நிலக்கரியையும் பெட்ரோலையும் வாங்கியவர்கள் எரித்ததும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்நிறுவனங்களின் பெயரில் உள்ள உமிழ்வில் ஏறக்குறைய 90 சதவிகிதம் இப்படி வந்ததுதான். எடுத்து வித்தது அவங்க, வண்டியில ஊத்தி எரிச்சது நாம.

'நாம' என்று பொதுவாகச் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. உலக மக்கள்தொகையில் பணக்கார 10 சதவிகிதம் பேர், மொத்த உமிழ்வில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம். நம் தெருவிலேயே இது தெரியும். நாலு ரூமிலும் ஏசி ஓடும் வீட்டின் பொறுப்பும், அந்த வீட்டுக்கு வெளியே வெயிலில் நின்று இளநீர் விற்பவரின் பொறுப்பும் ஒன்றாக முடியாது. ஆனால் வெயிலின் அடி முதலில் விழுவது இளநீர் விற்பவர் மீதுதான்.

தனிநபர் மாற்றம் பயன் தருமா?

தரும். ஆனா எப்போது என்பதுதான் கேள்வி. மூன்று உதாரணங்களைப் பாருங்க.

எல்.இ.டி. பல்பு: 2014-ல் அரசு மொத்தமாக வாங்கும்போதே ஒரு எல்.இ.டி. பல்பின் விலை 310 ரூபாய். 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் கோடிக்கணக்கில் கொள்முதல் செய்ததால், அடுத்த ஆண்டே அது 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. குண்டு பல்பை மாற்றிய வீடுகளில் பெரும்பாலானவை காலநிலை பற்றி யோசித்து மாற்றவில்லை. விலை குறைந்தது, கரன்ட் பில் குறைந்தது, மாற்றிவிட்டார்கள்.

மழைநீர் சேகரிப்பு: 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லா கட்டடங்களுக்கும் இதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. குழி தோண்டியதும் குழாய் போட்டதும் மக்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ய வைத்தது சட்டம்.

பஸ்: 'பைக்கை வீட்ல விட்டுட்டு பஸ்ல போங்க' என்று சொல்வது சுலபம். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பஸ் வரும் ஊரில் அது வெறும் அறிவுரை. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தால், அறிவுரையே தேவைப்படாது.

மூன்றிலும் பாடம் ஒன்றுதான். சரியானதைச் செய்வது சுலபமாகவும் மலிவாகவும் இருந்தால் மக்கள் செய்வார்கள். அப்படிச் சுலபமாக்கும் அதிகாரம் இருப்பது அரசிடம்.

'எல்லாம் கிளைமேட் சேஞ்ச்' - இதுவும் ஒரு சாக்கா?

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழை பெய்தால் எந்த ஊரும் திணறும். கடல் சூடாக ஆக, காற்றில் ஈரப்பதம் கூடி, இப்படிப்பட்ட பெருமழைக்கான வாய்ப்பு அதிகமாகும் என்கிறது அறிவியல்.

ஆனால் பெய்த மழை எங்கே தேங்குகிறது என்பதை முடிவு செய்வது வானம் மட்டும் இல்லை. சென்னையில் ஒரு காலத்தில் பரந்து கிடந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியில் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் சாலைகளும் வந்துவிட்டன. அந்த முடிவுகளை எடுத்தது இயற்கை இல்லை. அதனால் வெள்ளம் வரும்போதெல்லாம் 'காலநிலை மாற்றம்' என்று கைகாட்டிவிட்டு, ஏரி ஆக்கிரமிப்பையும் தூர்வாராத கால்வாயையும் மறந்துவிடக் கூடாது. இரண்டையும் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இப்போது கோர்ட் வரை போய்விட்டது.

2024 மார்ச்சில், கானமயில் பறவைகளைப் பாதுகாப்பது தொடர்பான வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பின் 14 மற்றும் 21-வது பிரிவுகளில் அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்பது நீதிமன்றத்தின் விளக்கம்.

2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைப் பாதுகாக்கும் சட்டக் கடமை நாடுகளுக்கு உண்டு என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. இதற்கு விதை போட்டவர்கள் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர்கள். 2019-ல் வகுப்பறையில் தொடங்கிய அவர்கள் யோசனையை வனுவாட்டு என்ற குட்டி நாடு ஐ.நா. வரை எடுத்துச் சென்றது. 'நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?' என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. வெப்ப அலையால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க இது வழி செய்கிறது. 'வெயில்னா அப்படித்தான் இருக்கும்' என்ற பார்வையிலிருந்து, 'இதில் அரசுக்குக் கடமை இருக்கு' என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

அப்போ நாம என்ன செய்யலாம்?

1. பெரிய செலவில் கவனம் வையுங்க. பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் ஏசி, ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டார் ரேட்டிங் பார்ப்பதும், அடுத்த வண்டி எது என்ற முடிவும் இன்னும் பெரிய வித்தியாசத்தைத் தரும். சொந்த மொட்டை மாடி இருந்தால், பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் சோலார் பேனலுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு.

2. வெளியே பேசுங்க. 69-க்கும் 43-க்கும் நடுவே உள்ள இடைவெளி, பேசாததால் வந்தது. ஃபேமிலி குரூப்பில் குட் மார்னிங் மெசேஜுக்கு நடுவே, சோலார் போட்ட பிறகு வந்த கரன்ட் பில்லையும் ஒருமுறை போடுங்க.

3. கேளுங்க. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரங்களில் ஏரியா சபை இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிழல் எங்கே? வெயில் காலத்தில் ஊரக வேலைத் திட்டத்தின் வேலை நேரத்தை மாற்ற முடியுமா? ஏரியின் எல்லைக் கல் எங்கே? இந்தக் கேள்விகளை அங்கே எழுப்பலாம், தீர்மானமாகவும் பதிவு செய்யச் சொல்லலாம்.

பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. அதிகம் எரித்தவருக்கும், அதிக அதிகாரம் உள்ளவருக்கும் அதிகப் பொறுப்பு. அவர்களிடம் கணக்குக் கேட்பது மற்றவர்களின் பங்கு. அடுத்த கிராம சபைக்கோ ஏரியா சபைக்கோ தனியாகப் போக வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பாருங்க. அவரும் நீங்க கூப்பிடத்தான் காத்திருக்கலாம்.